பொருளுக்கும் செய்முறைக்கும் நடுவில் நிற்கும் வகுப்பு: ஒரு கலைச்சொல் தேவை

குன்னூரிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். தேயிலைத் தொழிற்சாலை மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் ஒரு பெயர் இழுபறியாக இருக்கிறது. 'பொருள்' என்று ஒரு வகுப்பு (class, அதாவது ஒரே வகைத் தரவுக்கான வார்ப்பு): பச்சை இலை, வாடிய இலை, தூள் ரகங்கள். 'செய்முறை' என்று இன்னொன்று: வாட்டல், சிடிசி உருளையில் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் உருளை) அரைத்தல், நொதித்தல், உலர்த்தல், சலித்தல். இரண்டையும் சேர்க்கும் வகுப்பை இப்போதைக்கு 'இணைப்பு' என்கிறோம். அது எதற்கும் பொருந்தும் சொல், அதனால் எதையும் சொல்லாத சொல்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 78 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பச்சை இலையில் உலர்பொருள் 22 கிலோ. ஈரம் 70 சதவீதம் ஆகும்வரை வாட்டினால் எடை 73.3 கிலோ, 3 சதவீதத்துக்கு உலர்த்தினால் 22.7 கிலோ. மழைநாளில் 82 சதவீத ஈரத்தோடு வரும் 100 கிலோவில் கிடைப்பது 18.6 கிலோதான் (நார்க்கழிவைச் சேர்க்காமல்). ஆகவே 'இவ்வளவு போட்டால் இவ்வளவு' என்பதைப் பொருள் அட்டவணையில் எழுத முடியாது. செய்முறை அட்டவணையிலும் முடியாது. இந்தப் பொருள், இந்தச் செயலில், இந்த அளவு என்ற மூன்றும் கூடும் இடத்தில்தான் எழுத வேண்டும்.

'பொருள்வினைக் கண்ணி' சரியாக வருமா?

தாண்டிக்குடியிலிருந்து:

கண்ணி என்றால் சங்கிலி நினைவுக்கு வரும். ஒன்றை அடுத்து ஒன்று. உங்கள் தரவு அப்படி இல்லையே. மோட்டார் பம்பு பூட்டும் ஆலையில் பல உதிரிகள் சேர்ந்து ஒரு பொருள். அதை மரமாக வரையலாம், காம்போசிட் பேட்டர்ன் (முழுமையையும் அதன் உறுப்புகளையும் கிளைகளாக அடுக்கும் மென்பொருள் வடிவமைப்பு முறை) போதும். தேயிலையில் தலைகீழ்: ஒரே இலை உள்ளே போய், சலிப்பில் நாலைந்து ரகமும் நாரும் வெளியே வருகின்றன. மரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரே தாய் என்று வைத்தால் இங்கே முதல் நாளே உடையும்.

காப்பியில் இன்னும் தெளிவு. ஒரே அராபிகா பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்தால் 'பிளாண்டேஷன்', பழமாகவே காயவைத்தால் 'செர்ரி'. சந்தைக்கு அவை வேறு வேறு பொருள்கள். எந்தப் பொருள் என்பதையே செய்முறை முடிவு செய்கிறது.

என் பரிந்துரை 'வேற்றுமை'. பெயரையும் வினையையும் உறவுபடுத்த நம் இலக்கணம் வைத்திருக்கும் சொல் அதுதான். இலையை வாட்டு, உருளையால் அரை, தூளிலிருந்து நாரை நீக்கு. உருபு மாறினால் பங்கு மாறுகிறது.

கோத்தகிரியிலிருந்து:

யோசனை அழகு, ஆனால் திரையில் 'வேற்றுமை: 73.3 கிலோ' என்று பார்க்கும் சூப்பர்வைசர் எடைக்குறைவு என்றே படிப்பார். தவறான புரிதலை அழைக்கும் சொல் வேண்டாம்.

உங்கள் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது: 'வினைப்பங்கு'. ஒரு பொருள் ஒரு வினையில் ஏற்கும் பங்கு. உள்ளே போவது உட்பங்கு, வெளியே வருவது வெளிப்பங்கு. புலங்கள்: பொருள், வினை, திசை, அளவு, அலகு, ஈரம், நேரம். ஈரத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் உட்பங்கையும் வெளிப்பங்கையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு வினையிலும் உலர்பொருள் கூட்டுத்தொகை இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எடைப்பிழை, ஈர அளவீட்டுப் பிழை, அல்லது ஒரு வெளிப்பங்கு விடுபட்டிருக்கிறது (பெரும்பாலும் நார்தான்).

இன்னொரு சிக்கல்: சலிப்பில் மேலே தங்கும் முரட்டுத் தூளை உடைத்து மறுபடி சலிப்புக்கே அனுப்புகிறார்கள். வகை அளவில், அதாவது பொதுத் திட்டத்தில், இது சுழற்சி. அதைத் தடை செய்யும் விதி போட்டால் உண்மையான வேலையைப் பதிய முடியாது. நிகழ்வு அளவிலோ, அதாவது உண்மையில் நடந்ததன் பதிவில், சுழற்சி வரவே கூடாது. உடைத்த தூளுக்குப் புது லாட் (ஒரு தடவைச் சரக்கு) எண் கொடுத்தால் வராது. ஆகவே வினைப்பங்கும் இரண்டு வேண்டும்: திட்டத்தில் இருப்பது 'வகை வினைப்பங்கு', நடந்ததைப் பதிவது 'லாட் வினைப்பங்கு'. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு நிரப்பாத கட்டங்களை வெறுமையாக விட்டால், பின்னால் ஒரு லாட் எந்த இலையிலிருந்து வந்தது என்று தேடும்போது திட்ட வரிகளும் சேர்ந்து வந்து நிற்கும்.

குன்னூரிலிருந்து:

ஒரு தயக்கம். கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் 'பங்கு' என்றால் உறுப்பினர் செலுத்திய பங்குத்தொகை. அதற்குத் தனி அட்டவணையே உண்டு. ஆனால் 'வினை' முன்னொட்டை எங்கும் விடாமல் எழுதினால் குழப்பம் வராது என்று தோன்றுகிறது. எனவே வினைப்பங்கு.

உருளை, டிரையர் போன்ற இயந்திரங்களை இதில் சேர்க்க வேண்டாம். 1995-இல் வந்த ஐ.எஸ்.ஏ-88 தரநிலை (தடவை தடவையாக நடக்கும் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவதற்கானது) செய்முறையை இயந்திரத்திலிருந்து பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு: டிரையரை மாற்றினால் செய்முறையைத் திருத்த வேண்டியிருக்கக் கூடாது. இயந்திரத்துக்குத் தனி வகுப்பு, 'கருவி ஒதுக்கீடு'.

தாண்டிக்குடியிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். உட்பங்கில் வருவதை மட்டும் 'இடுபொருள்' என்று யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம். தோட்டப் பக்கத்தில் அது உரமும் மருந்தும். மென்பொருளின் தோட்டப் பகுதியும் தொழிற்சாலைப் பகுதியும் ஒரே கிடங்குப் பட்டியலைப் பயன்படுத்தினால் யூரியா வாட்டல் தொட்டியின் தேர்வுப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும்.