பல்கலைக்கழகம் பாராட்டிய நம் சபைப் பிள்ளைகள்: நாங்கள் கண்டவை

மதுரை நரிமேட்டிலிருந்து, சபை உறுப்பினர் ஒருவர்:

சேவைக்கும் தலைமைப் பண்புக்கும் பல்கலைக்கழக அளவில் பாராட்டுப் பெற்ற எங்கள் சபைப் பெண் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஆயர் ஐயா அவரை முன்னே அழைத்துப் பொன்னாடை அணிவித்தார். சபையாரும் மகிழ்ச்சியோடு கைதட்டினோம். ஆனால் அவர் செய்த பணி இன்னதென்று எங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. சான்றிதழும் அதைச் சொல்லவில்லை. ஆகவே ஒரு மாலையில் அவர் வீட்டுக்குச் சென்று கேட்டறிந்தேன்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் ‘சொல்வதை எழுதுபவர்’, அதாவது கல்லூரிகளில் ஸ்கிரைப் என்று அழைக்கப்படுபவர் தேவை. அந்தப் பணியைத்தான் அவர் செய்திருக்கிறார். எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராஜன்பட்டியில் இருப்பதனால், மதுரைக்காரர்களுக்குப் பார்வையற்றோரின் கல்வி புதிய செய்தியன்று. எனினும் தேர்வுக் காலத்தில் எழுதிக்கொடுக்க ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. எழுதுபவருக்கும் தம் சொந்தத் தேர்வு இருக்கும். மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். அதன்படி மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். அவ்வளவு நேரமும் அருகில் அமர்ந்து, வினாவை வாசித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதி, கேட்கும்போதெல்லாம் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும்.

“எது கடினமாக இருந்தது?” என்று கேட்டேன். “தவறான விடையை எழுதுவதுதான், அக்கா” என்றார். வரலாற்றுத் தேர்வு ஒன்றில் இவர் எழுதிக்கொடுத்த மாணவர் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லியிருக்கிறார். சரியான ஆண்டு இவருக்குத் தெரியும். குரலில் சிறு தயக்கம் காட்டியிருந்தாலும் அவர் புரிந்துகொண்டு திருத்தியிருப்பார். ஆனால் அது அவருடைய தேர்வு, அவருடைய விடை, அவருடைய மதிப்பெண் என்பதை மனத்தில் நிறுத்தி, எந்த மாற்றமும் இல்லாத குரலில் வாசித்துக்காட்டிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றிருக்கிறார். பிறருக்கு உதவுவது என்றால் அவர்களைவிட ஒரு படி மேலே நின்று கொடுப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்தப் பெண்ணோ, தமக்குத் தெரிந்ததைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இன்னொருவருடைய கையாக மட்டும் இருக்கக் கற்றிருக்கிறார். இதைவிடப் பெரிய பணிவை நான் நேரில் கண்டதில்லை.

அவர் தலைமை ஏற்ற விதமும் சொல்லத்தக்கது. எழுத ஒப்புக்கொண்டவர் தேர்வன்று காலையில் வராமற்போனால், பல மாதங்கள் படித்த ஒருவரின் உழைப்பு வாசலிலேயே நின்றுவிடும். எனவே ஒவ்வொரு தேர்வுக்கும் ஒருவரை ஏற்பாடு செய்து, அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் ஆயத்தமாக வைக்கும் ஒரு பதிவேட்டை அவர் தொடங்கினார். அதில் எல்லாச் சமயத்து மாணவிகளும் இருந்தார்கள். புதிதாக வருபவர்களைப் பழைய தேர்வுத் தாள்களை உரக்க வாசிக்கச் செய்து பழக்கினார். ஆராதனையில் திருமறைப் பாடம் வாசிப்பதற்கு எங்கள் சபையின் மூத்த ஆசிரியை ஒருவர் சிறு வயதில் தந்த பயிற்சியையே அப்படியே பின்பற்றியதாகச் சொன்னார்: முதலில் முழுவதையும் மௌனமாகப் படித்துவிட வேண்டும், வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கக் கூடாது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் கற்ற ஒன்று தேர்வறை வரை சென்று பயன்பட்டதை அந்த ஆசிரியையிடம் தெரிவித்தபோது அவர் கண்கலங்கினார்.

பசுமலையிலிருந்து, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்:

மேலே எழுதியவருக்கு நன்றி. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். மணிக்கணக்கை எழுதி வைப்பது எளிது. ஒரு மாணவர் எவ்வகைத் தலைவர் என்பது முகாமின் முதல் நாளிலேயே தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமச் சபையிலிருந்து வந்து, பின்னாளில் பல்கலைக்கழகப் பாராட்டுப் பெற்ற மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். கண்மாயின் வரத்துக்காலைச் சீர்செய்வதும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பதும் அந்த முகாமின் வேலைகள். கணக்கெடுப்பை ஊரின் முதல் தெருவிலிருந்து தொடங்குவதே வழக்கம் என்று பெரியவர்கள் சொன்னபோது, அவர் மறுத்து வாதிடவில்லை. மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை அங்கே அனுப்பிவிட்டு, அதே நேரத்தில் தாமே மற்றொரு குழுவுடன் காலனிக்குச் சென்றார். சமையலுக்கு அண்டா போதாதபோது அம்மன் கோயில் பூசாரியிடம் சென்று பணிவோடு கேட்டார். பூசாரி “எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி” என்று கோயில் பாத்திரங்களையே கொடுத்தார். முகாம் முடிந்த காலையில் அவற்றைத் துலக்கித் திரும்பக் கொண்டுபோனவரும் அவரே. இந்த வேலைத்திறனை எங்கே கற்றாய் என்று கேட்டேன். “எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குச் சமைத்துப் பழக்கம், சார்” என்றார்.

1881இல் பசுமலையில் தொடங்கிப் பின்னர் கோரிப்பாளையத்துக்கு வந்த அமெரிக்கன் கல்லூரியும், கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948இல் நிறுவிய லேடி டோக் கல்லூரியும் எல்லாச் சமூகத்தாருக்கும் கதவைத் திறந்து வைத்தவை. அந்த மரபில் வந்த நாம் நம் பிள்ளைகளைப் பாராட்டும்போது, அவர்களோடு உழைத்த பிற சமயத்து நண்பர்களையும் அழைத்துப் பாராட்டுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

நரிமேட்டிலிருந்து, முதலில் எழுதியவர்:

பேராசிரியர் ஐயாவின் கருத்தை எங்கள் சபைக் குழுவில் வாசித்தேன். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்றிருக்க, ஆலயத்தில் பொன்னாடை எதற்கு என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அது நேர்மையான கேள்வி. உதவி பெற்றவர்களைக் காட்சிப்பொருளாக்காத வரையில் பாராட்டில் குறையில்லை என்பது என் எண்ணம். வளரும் பிள்ளைகள் பின்பற்ற ஒரு முன்மாதிரி வேண்டும். அந்தப் பெண்ணும் இதையே வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார்: தேர்வு எழுதிய மாணவர்களின் படங்களைத் திரையில் காட்டக் கூடாது. குழு அதற்கு இசைந்தது. வரும் வாலிபர் ஐக்கியக் கூட்டத்துக்கு அவருடன் பதிவேட்டைக் கவனித்துவந்த இஸ்லாமியத் தோழியையும் அழைத்திருக்கிறோம். பொன்னாடை இருவருக்கும் உண்டு. அதன்பின் எழுத விரும்பும் நம் பிள்ளைகளுக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து வாசிப்புப் பயிற்சி அளிப்பார்கள்.