நியூயார்க்கில் 51, நெவாடாவில் 6.75 விழுக்காடு: விளையாட்டுப் பந்தய வரியில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

கேள்வி: விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான 1992ஆம் ஆண்டின் தடைச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் தீர்ப்பளித்த பிறகு, விளையாட்டுப் பந்தயத்துக்கான வரியை மாநிலங்களே முடிவு செய்கின்றன. நியூயார்க்கின் 51 விழுக்காடு, கட்டப்படும் மொத்தப் பணத்தின் மீதான வரியா?

பதில் 1: இல்லை ஐயா. வென்றவர்களுக்குக் கொடுத்தது போக நிறுவனத்திடம் எஞ்சும் வருவாயின் மீதுதான் இவ்விரு மாநிலங்களும் வரி விதிக்கின்றன; கட்டப்படும் தொகையின் மீது கூட்டாட்சி அரசு தனியே 0.25 விழுக்காடு பெறுகிறது. நெவாடாவுக்குச் சூதாட்ட விடுதிகளை நாடி வரும் பயணிகளே முதன்மை. நியூயார்க்கோ 2022 ஜனவரியில் தொடங்கிய கைபேசிப் பந்தய வரியின் பெரும்பகுதியைக் கல்விக்கு ஒதுக்குகிறது.

பதில் 2: இல்லினாய்ஸையும் கவனியுங்கள். 2024இல் நிறுவனத்தின் வருவாய் கூடக்கூட 20 முதல் 40 விழுக்காடு வரை உயரும் படிநிலை வரியைக் கொண்டுவந்த அம்மாநிலம், 2025 ஜூலை முதல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் 25 சென்ட், நிறுவனம் 2 கோடிப் பந்தயங்களைக் கடந்தால் 50 சென்ட் வாங்குகிறது. சில நிறுவனங்கள் அதை வாடிக்கையாளர் தலையில் சுமத்திவிட்டன. சிறு தொகை கட்டுபவரையே இது அதிகம் வருத்தும் என்பது என் கவலை.