நர்ஸ் வேலைக்கு ஆளை இழுப்பது எது? "சேவை" என்பதைத் தவிர வேறு பதில் உண்டா?

கேள்வி: புதுச்சீருடை

நர்சிங் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் "ஏன் இந்தத் தொழில்?" என்று கட்டாயம் கேட்பார்களாம். எல்லாரும் "சேவை மனப்பான்மை" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் சேவை செய்ய எத்தனையோ வழி இருக்கிறது. இந்த வேலையில் சேர்ந்தவர்கள் இருபது, முப்பது வருஷம் அதிலேயே நிற்கிறார்கள் என்றால், வேலைக்குள்ளேயே ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்க வேண்டும். அது என்ன? வார்டு, ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் என்று இருப்பவர்கள் அவரவர் பக்கத்தைச் சொல்லுங்கள். பொத்தாம் பொதுவாக வேண்டாம், கையால் செய்கிற வேலையை வைத்துச் சொல்லுங்கள்.

பதில் 1: நாடிபார்ப்பவர்

முதலில் கண்டுபிடிக்கிற ஆளாக இருப்பது. என் கணக்கில் அதுதான் பெரிய இழுப்பு.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஒரு படுக்கையருகே நிற்பது சில நிமிஷம். மீதி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நர்ஸ். நிலைமை மோசமாகிற நோயாளி பெரும்பாலும் சில மணி நேரம் முன்பே அடையாளம் காட்டிவிடுவார். பல சமயம் முதலில் மாறுவது மூச்சின் வேகம். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். அது 24, 26 என்று ஏறும்போது பி.பி. ஒழுங்காக இருக்கும், சாச்சுரேஷனும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 96 காட்டும். உடம்பு வேகமாக மூச்சு விட்டும், இதயத்தை விரட்டியும், ரத்தக்குழாயைச் சுருக்கியும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. பி.பி. விழுகிறது என்றால் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், சார்ட்டில் அதிகம் பொய் எழுதப்படுவதும் இந்த எண்தான். சாதாரண வார்டில் அதை எண்ணித்தரப் பெரும்பாலும் மெஷின் இருக்காது. எட்டு நோயாளிக்கும் வரிசையாக "20" என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை. முழுசாக 60 வினாடி எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் நாலு தவறும். "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே நெஞ்சைப் பாருங்கள்.

யூரினும் அப்படித்தான். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 0.5 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி, அதற்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். (முதலில் கதீட்டர், அதாவது யூரினை வெளியே எடுக்கும் குழாய், மடங்கியிருக்கிறதா, நோயாளி அதன் மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். பாதி "யூரின் வரல" அங்கேயே தீர்ந்துவிடும்.)

கண்டுபிடித்ததைச் சொல்லத் தெரிவதும் வேலையில் பாதி. "ஆள் கொஞ்சம் சரியில்ல டாக்டர்" என்றால் யாரும் ஓடி வர மாட்டார்கள். "மூச்சு 28, நாடி 118, ரெண்டு மணி நேரமா யூரின் 15 மில்லி வீதம்தான், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறாரு, காலைல இப்படி இல்ல, நீங்க வந்து பார்க்கணும்" என்றால் வருவார்கள்.

பதில் 2: நீலக்கேனுலா

மேலே சொன்னவர் கண்ணைச் சொன்னார், நான் கையைச் சொல்கிறேன். இது ஒரு கைத்தொழில். சரியாக வந்தால் அந்த நிமிஷமே தெரிந்துவிடுகிற தொழில். நிறையப் பேரை அதுதான் கட்டிப்போடுகிறது.

ஐ.வி. கேனுலா (நரம்பில் மருந்து ஏற்ற வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், குத்துவதற்கு உள்ளே ஊசி இருக்கும்) போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண் குறையக் குறைய துளை பெரிது. 24 மஞ்சள், 22 நீலம், 20 பிங்க், 18 பச்சை. வேகமாக ரத்தமோ திரவமோ ஏற்ற வேண்டுமானால் 18. மெல்லிய நரம்புள்ள முதியவருக்கு மருந்து மட்டும் கொடுக்க 22 போதும், பெரிசாகப் போட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலே குத்தி வீணாக்கிவிட்டு அதே நரம்பில் கீழே போட்டால் மேல் ஓட்டை வழியே கசியும். மடங்கும் மூட்டில் போடாதீர்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) இருக்கும் கையைத் தொடவே கூடாது.

டர்னிக்கேயை (நரம்பு புடைக்கக் கையில் கட்டும் பட்டை) குத்தும் இடத்துக்கு நாலைந்து விரல் அகலம் மேலே கட்டுங்கள், நாடி நிற்கிற அளவுக்கு இறுக்க வேண்டாம். ஸ்பிரிட் காய வேண்டும். ஈரமாக இருக்கும்போது குத்தினால் எரியும், கிருமியும் முழுசாகச் சாகாது. தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து 15 முதல் 30 டிகிரி சாய்வில் உள்ளே போனால், கேனுலாவின் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ரத்தம் தெரியும்.

புதியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். ரத்தம் தெரிந்ததும் ஊசியை நிறுத்தி பிளாஸ்டிக்கைத் தள்ளுவார்கள். ஊசி முனை பிளாஸ்டிக்கைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம். முனை நரம்புக்குள் போயிருக்கும், பிளாஸ்டிக் வெளியே நிற்கும். தள்ளினால் நரம்பை ஒதுக்கிக்கொண்டு சதைக்குள் போய் வீங்கும். ரத்தம் தெரிந்ததும் சாய்வைத் தாழ்த்தி, இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போய், அப்புறம் ஊசியை அசைக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் நகர்த்த வேண்டும். டர்னிக்கேயை அவிழ்த்த பிறகே ஊசியை உருவ வேண்டும். உருவிய ஊசியை மறுபடி கேனுலாவுக்குள் செருகவே கூடாது. பிளாஸ்டிக் முனை வெட்டுப்பட்டு ரத்தத்தோடு போய்விடும். இரண்டு தடவை கிடைக்கவில்லையா? வேறு ஆளைக் கூப்பிடுங்கள். மூன்றாவது தடவை குத்துவது உங்கள் ரோஷத்துக்காக, நோயாளிக்காக அல்ல.

பதில் 3: ரெண்டுகையெழுத்து

இன்னொரு ரகம் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் நகராத ஆட்கள். அவர்களுக்கு ஐசியூவும் தியேட்டரும் சொந்த வீடு மாதிரி.

மருந்து கொடுக்கும்போது "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. அரைத்தூக்கத்தில் இருப்பவர், காது கேட்காதவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்ன?" என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இருவர் சரிபார்ப்பதிலும் இதே தந்திரம்தான். "2 மில்லி, சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். ஒருவர் கணக்கைச் சொல்லாமல் இருக்க, மற்றவர் தனியாகப் போட்டு விடை சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இன்சுலினில், மில்லிக்கு 40 யூனிட் பாட்டிலும் 100 யூனிட் பாட்டிலும் இரண்டுமே புழங்கும் இடங்களில், 100 மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் 10 யூனிட் கோட்டில் இருப்பது 25 யூனிட். பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது.

தியேட்டரில் ஸ்க்ரப் நர்சும் (சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்) வெளியே நிற்கும் நர்சும் சேர்ந்து, வாய்விட்டு, மாப்களை (ரத்தம் ஒற்றும் துணிகள்) எண்ணுவார்கள்: கத்தி வைப்பதற்கு முன், வயிறு போன்ற உள்ளறையை மூடுவதற்கு முன், தோல் தைக்கும்போது. ஒன்று குறைந்தால் சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் "கவுண்ட் சரியில்லை" என்று சொல்ல வேண்டும். வயிறு, தரை, குப்பைத் தொட்டி எல்லாம் தேட வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. அதற்காகத்தான் மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் வைத்திருக்கிறது.

பதில் 4: இரவுடூட்டி

மூன்று பேரும் ஊசி, எண், மெஷின் பக்கமே பேசுகிறீர்கள். உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் "கீழ் வேலை" என்று நினைத்துச் சேர்பவர்கள் ஆறு மாசத்தில் வெறுத்துப் போவார்கள். நோயாளியின் முழு உடம்பையும் பார்க்கிற ஒரே நேரம் அதுதான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது (உள்ளே ரத்தக்கட்டியாக இருக்கலாம், தேய்த்துவிடக் கூடாது), முதுகின் அடியில் புதிதாக ஒரு சிவப்பு, எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பினால் தப்பித்தோம். வெளுக்காமல் அப்படியே நின்றால் பெட்சோர் (படுக்கைப்புண்) தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் நிறம் ஏமாற்றும். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தானாக அசைய முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும். முழுசாகப் பக்கவாட்டில் போட்டால் இடுப்பெலும்பில் பாரம் விழும், 30 டிகிரி சாய்வு போதும். குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். மேலே நகர்த்தும்போது இழுக்காதீர்கள், ஷீட்டோடு இருவர் சேர்ந்து தூக்குங்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டுச் செய்தால் உங்கள் முதுகும் பிழைக்கும்.

இன்னொன்று. "ரத்தத்தைப் பார்த்தா எனக்குப் பயமில்லை" என்பதைத் தகுதியாகச் சொல்லாதீர்கள். ரத்தம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆளைத் தின்பது கால் வலி, இரவு டூட்டி, சொந்தக்காரர்களின் கோபம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் மூளை மந்தமாகும், கணக்குப் போட்டுக் கலக்க வேண்டிய மருந்துகளை முடிந்தவரை அந்த நேரத்துக்குத் தள்ளாதீர்கள். கை தவறி ஊசி குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

புதுச்சீருடை

நன்றி. அப்படியென்றால் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்லித் தொடங்கலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

நாடிபார்ப்பவர்

சொல்லலாம், ஆனால் கைவிளக்கோடு நிறுத்தாதீர்கள். 1854இல் கிரிமியப் போருக்காகத் துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனவர், காயத்தைவிட நோயால்தான் சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்பதை மாசவாரியாக வரைபடம் போட்டுக் காட்டினார். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது அதற்கப்புறம், 1860இல். எண்ணியதால்தான் அவர் பேச்சு அரசாங்கத்தில் எடுபட்டது.

அதைவிட, வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி வாங்கி ஒரு வார்டில் டூட்டி மாறும் நேரத்தில் போய் நில்லுங்கள். ஹேண்ட் ஓவரை (டூட்டி முடிப்பவர் அடுத்தவருக்கு நோயாளி நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) நோயாளியின் கட்டிலருகே கொடுக்கிறார்களா, மேஜையில் கொடுக்கிறார்களா பாருங்கள். கட்டிலருகே என்றால், வருகிறவர் கேட்டுக்கொண்டே டிரிப் ஓடுகிறதா, கேனுலா இடம் சிவந்திருக்கிறதா, யூரின் பை எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவார். அப்போது அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளில் எது உங்களுக்கும் கேட்கத் தோன்றியது என்பதை நேர்முகத் தேர்வில் சொல்லுங்கள்.