"தண்ணீர் இருக்கிறது, தர வேண்டியவரைக் காணோம்": உரிமைத் திட்டங்களுக்கு வெளிநாட்டு அரசு நிதி கேட்டு எழுதியவர்களின் அனுபவங்கள்

ஹட்டன் (இலங்கை மலையகம்), தேயிலைத் தோட்டப் பெண்கள் அமைப்பு

வெளிநாட்டு அரசுகளின் நிதிக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. புதிதாக எழுத உட்காரும் தங்கைகள் சிலர், "அக்கா, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். என் முதல் தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

தோட்டத்தின் ஒரு பிரிவில், அதாவது டிவிஷனில், அறுபது குடும்பத்துக்கு ஒரே குழாய். காலை நாலரைக்கே குடம் வரிசையில் நிற்கும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடி, மலை ஏறுகிற பெண்ணுக்குத் தண்ணீர் பிடிப்பதே ஒரு தனி வேலை. இதை எல்லாம் உருக்கமாக எழுதி, தண்ணீர்த் தாங்கி கட்டப் பணம் கேட்டோம். இரண்டே வரியில் பதில் வந்தது: தேவை புரிகிறது, ஆனால் இது மனித உரிமைத் திட்டம் அல்ல.

ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் உரிமை இல்லையென்றால் வேறு எது உரிமை? ஐ.நா. பொதுச்சபையே 2010 ஜூலையில் தண்ணீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமை என்று ஏற்றுக்கொண்டதே! அந்த விண்ணப்பத்தை வாங்கிப் படித்த மூத்த தோழர் ஒருவர் சொன்னார்: "நீ எழுதினதுல தண்ணீர் இருக்கு. தண்ணீர் தர வேண்டியவரைக் காணோமே." எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான்.

உரிமை அடிப்படையிலான திட்டத்தில் இரண்டு தரப்பு இருக்கும். உரிமை உடையவர்கள் ஒரு தரப்பு. அந்த உரிமையை நிறைவேற்றக் கடமைப்பட்டவர்கள் மறு தரப்பு. நான் முதல் தரப்பை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாம் தரப்பின் இடத்தில் எங்கள் அமைப்பையே உட்கார வைத்திருந்தேன். உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை செய்ய வேண்டிய வேலையை நாங்கள் செய்கிறோம், அதற்குக் காசு தாருங்கள் என்று கேட்டதாகத்தான் அது ஆனது.

கடமைப்பட்டவர் யார் என்று தேடிப் போனால் தோட்டத்தில் அது பெரிய சிக்கல். கம்பனியைக் கேட்டால் நிலம் அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்காரர் என்பார்கள். பிரதேச சபையைக் கேட்டால் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்பார்கள். 1987-ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவை வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவு செய்ய வழி பிறந்தது. ஆனால் சட்டம் மாறிய செய்தி தோட்ட மக்கள் வாழும் லயத்துக்கு வந்து சேரவில்லை. சில சபை அலுவலகங்களுக்கே வந்து சேரவில்லை.

எங்கள் இரண்டாவது விண்ணப்பம் அங்கேதான் பிறந்தது. தாங்கி கேட்கவில்லை. 2016-இன் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எங்கள் டிவிஷனுக்கு இந்த வருஷ வரவு செலவில் எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று பெண்கள் தாங்களே சபைக்கு எழுதிக் கேட்பார்கள். பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. இதைப் பழக்குவதும், பதிலை வைத்துச் சபையோடு உட்கார்ந்து பேசுவதும்தான் முழுத் திட்டமும்.

பட்ஜெட்டில் ஒரு வரிக்காகத்தான் நிறையப் போராடினேன். கொழுந்து பறிக்கிற பெண் சபைக்கு வந்தால் அவளுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் இல்லை. பாதி நாளில் வந்தால் அரைப்பேர்தான். அந்தச் சம்பள இழப்பைச் செலவாகப் போட்டேன். "பங்கேற்பவர்களுக்குக் காசு கொடுப்பதா?" என்று அதிகாரி கேட்டார். "இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் இன்றைக்குச் சம்பளம் உண்டு, அவளுக்கு மட்டும்தான் இல்லை" என்றேன். அந்த வரி நின்றது.

கிடைத்தது ஒரு வருஷத்துக்கான சிறு நிதி. மூன்று டிவிஷன்கள் அடுத்த வருஷச் சபைத் திட்டத்தில் ஏறின. ஒன்றில் குழாய் வந்துவிட்டது. மற்ற இரண்டில் இன்னும் கடிதப் போக்குவரத்துதான்.

வவுனியா

அக்கா சொன்ன அந்தக் கடமைப்பட்டவர் விஷயத்தில் எங்கள் பக்கம் வேறொரு பாரம் உண்டு. காணிக்காகவும் காணாமல் போன பிள்ளைக்காகவும் நிற்கிற தாய்மாரோடு வேலை செய்கிறோம். அவர்கள் கேள்வி கேட்கிற தரப்பும், அவர்களைப் பற்றி வந்து விசாரிக்கிற தரப்பும் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு தூதரகம் நிதி தர ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கையொப்பப் பட்டியலும் அடையாள அட்டை இலக்கமும் படமும் கேட்டது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அவர்களுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை, கணக்காய்வுக்காகக் கேட்டார்கள். நாங்கள் தாய்மாரிடமே கதைத்தோம். ஒரு அம்மா சொன்னா: "படம் எடுங்கோ பிள்ளை, ஆனா அது எங்க போகுதெண்டு எனக்குச் சொல்லுங்கோ." எங்களால் சொல்ல முடியவில்லை.

ஆகவே பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடும் முறையை முன்வைத்தோம். மூலப்பட்டியல் பூட்டி இருக்கும். கணக்காய்வாளர் நேரில் வந்து பார்க்கலாம், பிரதி எடுக்க முடியாது. இரண்டு மாதம் இழுபட்டு, கடைசியில் ஒப்பந்தத்தின் இணைப்பாகவே அதை எழுதிக்கொண்டோம். இடர் என்ற பகுதியில் "மழை, போக்குவரத்துத் தடை" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். பணம் கையில் வந்த பிறகு இதைக் கதைத்தால் பிந்திப் போகும்.

திருவள்ளூர் மாவட்டம்

ஹட்டன் அக்காவுக்கும் வவுனியா உறவுக்கும் வணக்கம். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்களோடு எங்கள் வேலை.

எங்களுக்குக் கடமைப்பட்டவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கண்டறிந்து விடுவிக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கையெழுத்திட்டு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். கண்காணிப்புக் குழு கூட வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வெளியே வந்த குடும்பம் மறுவாழ்வு உதவியும் இல்லாமல், ஆறு மாதத்தில் இன்னொரு சூளையில் இன்னொரு முன்பணம் வாங்கி நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் லாக்ஃப்ரேமில், அதாவது திட்டத்தின் இலக்கையும் அளவுகோலையும் காட்டும் அட்டவணையில், "எத்தனை பேரை மீட்டோம்" என்பதைக் குறியீடாக வைப்பதில்லை. எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள், அதில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் முன்பணம் இல்லாமல் வேலை செய்கிறார்கள் என்று வைத்தோம். இரண்டாவது எண் எப்போதும் சிறியதாகத்தான் வரும். அந்தச் சிறிய எண்ணை மறைக்காமல் எழுதியதுதான் எங்களை நம்ப வைத்தது என்று பின்னால் நிதி தந்தவர்களே சொன்னார்கள்.

இந்தியாவில் இருந்து எழுதுபவர்கள் இன்னொன்றையும் முதல் நாளே பார்க்க வேண்டும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, அதற்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் கூட. முன்பு பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் ஐந்து சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும். அந்த வழி அடைபட்டுவிட்டது. ஐரோப்பிய வழிகாட்டிகளில் "கூட்டாளிகளுடன் வாருங்கள்" என்று பார்த்ததும் சந்தோஷமாகக் கூட்டணி எழுதிவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு, தனி ஒப்பந்தம், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வேண்டும்.

நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனதும் அதே திருத்தத்தில்தான். உரிமை வேலை செய்பவர்களுக்கு இது எங்கே வலிக்கும் தெரியுமா? சட்ட, தொழில்முறைக் கட்டணங்கள் விதிகளின்படி நிர்வாகச் செலவில் சேரும். பள்ளிக்கூடம் கட்டும் திட்டத்துக்கு அது ஒரு சிறு தொகை. எங்களுக்கு வழக்கறிஞர்தான் செங்கல், சிமெண்ட் எல்லாம். பட்ஜெட் போடும்போதே ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

"உரிமை என்ற சொல்லைப் போட்டால் பதிவுக்கு ஆபத்தா?" என்று சிலர் தனியாகக் கேட்கிறார்கள். 2020 மார்ச் 6-இல் உச்ச நீதிமன்றம் இன்சாஃப் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், கட்சி அரசியலோடு தொடர்பில்லாமல், மக்கள் உரிமைக்காகச் சட்டத்துக்கு உட்பட்டுப் போராடும் அமைப்பை அரசியல் அமைப்பு என்று சொல்லி வெளிநாட்டு நிதியை மறுக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சம் முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் செய்யும் வேலையின் பெயரை நாமே விழுங்கத் தேவையில்லை.

ஜெர்மனி, ஊர்ச் சங்கம் ஒன்றிலிருந்து

நாங்கள் புலம்பெயர்ந்தவர்களின் சிறு சங்கம். ஊரிலுள்ள கூட்டாளி அமைப்போடு சேர்ந்து ஜெர்மன் அபிவிருத்தி அமைச்சின் நிதிக்கு எழுதினோம். எங்களைப் போன்ற தனியார் அமைப்புகளுக்கு அங்கே பெங்கோ என்ற ஆலோசனை மையம் வழிகாட்டுகிறது. அமைச்சு 75 சதவீதம் வரை தரும், மிச்சம் 25 எங்கள் பக்கம். கோயில் திருவிழாவில் கொத்து ரொட்டிக் கடை போட்டுச் சேர்த்த காசு அதில் நிறைய உண்டு.

பணம் சேர்ப்பதைவிட எங்களுக்குள் கதைத்துத் தீர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மூத்தவர்கள் ஒரு கட்டடம் கேட்டார்கள். "நாங்கள் கஷ்டப்பட்டு உழைத்த காசு, ஊருக்குப் போனால் கண்ணால் பார்க்க ஒன்று வேண்டும்" என்றார்கள். அவர்களைப் பிழை சொல்ல என்னால் முடியாது. பனியில் பத்திரிகை போட்டு, உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்தவர்கள். விண்ணப்பமோ மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில் படிக்கும் உரிமை பற்றியது. மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் ஊரிலிருந்து ஒரு தாயைக் காணொளியில் கதைக்க வைத்தோம். தன் மகனைப் பள்ளிக்கூடம் எப்படித் திருப்பி அனுப்பியது என்று சொன்னார். "கட்டடம் அங்க இருக்கு ஐயா, வாசலில படிதான் கிடக்கு" என்றார். அதன் பிறகு எவரும் கட்டடம், பெயர்ப் பலகை பற்றிக் கேட்கவில்லை.

திருச்சி, கணக்குப் பிரிவு

எழுத்து வேலை எனக்குத் தெரியாது. காகித வேலை பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்க அரசு நிதிக்கு சாம் (SAM.gov) என்ற அந்நாட்டு அரசின் பதிவுத் தளத்தில் பதிவு வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் அமைப்பை அடையாளம் காட்டிய பழைய டன்ஸ் எண் போய், யூஇஐ என்ற எண்ணை அந்தத் தளமே தருகிறது. பதிவு இலவசம். பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை நம்பாதீர்கள். எங்கள் பதிவுப் பத்திரத்தில் ஒரு கதவு எண், மின் கட்டண ரசீதில் பழைய எண், வங்கியில் தெருப் பெயர் வேறு எழுத்துக்கூட்டல். இவை ஒன்றாகும்வரை பதிவு நகரவில்லை, ஏழு வாரம் போனது. பிழை எங்களுடையதுதான். அழைப்பு வரும் முன்பே எல்லா ஆவணத்திலும் பெயரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்கி வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய அழைப்புகளில் கடைசி நேரம் பிரஸ்ஸல்ஸ் கடிகாரப்படி. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி, கோடையில் மூன்றரை. மறைமுகச் செலவு நேரடிச் செலவில் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. 2025 ஜனவரி 20-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி ஆணையிட்டது. அந்நாட்டு அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் அந்த ஜூலையோடு தனி அமைப்பாக இயங்குவது முடிந்தது. பிரிட்டனும் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5-லிருந்து 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. எங்களிடம் அந்த நிதி எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து நடந்துகொண்டிருக்கும் வழக்குகளை ஒரே அரசின் பணத்தில் வைப்பதில்லை. விசாரணையின் பாதியில் ஒரு குடும்பத்திடம் போய், நிதி நின்றுவிட்டது என்று சொல்லக் கூடாது.

கொழும்பு, முன்னாள் மதிப்பீட்டாளர்

நான்கு நாளில் நாற்பது கான்செப்ட் நோட் (முழு விண்ணப்பத்துக்கு முன் அனுப்பும் சுருக்கக் குறிப்பு) வாசித்த காலம் உண்டு. ஒவ்வொன்றும் ஐந்து பக்கம். "வலுவூட்டல்", "விழிப்புணர்வு" என்று நிறைந்த பக்கங்கள் கண்ணில் ஒட்டாமல் போகும். எந்த அலுவலகம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அங்கே இன்றைக்கு யார் போய் என்ன பதில் வாங்கினார் என்று எழுதியவர்கள் நினைவில் நின்றார்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தும் நான் முழு மதிப்பெண் போட்ட விண்ணப்பங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. பளபளப்பான ஆங்கிலத்தில் வந்தவற்றில் அந்த ஊர் ஆட்கள் யாருமே இல்லாததும் நினைவிருக்கிறது.

ஹட்டன்

எல்லோருக்கும் நன்றி. வவுனியா உறவு சொன்ன இணைப்பை எங்கள் ஒப்பந்தத்திலும் கேட்கப் போகிறேன்.

பதுளையிலிருந்து ஒரு தங்கை, "முதல் பக்கத்தை யார் எழுதுவது?" என்று கேட்டிருந்தார். நாங்கள் இப்போது அதை அலுவலகத்தில் எழுதுவதில்லை. அடுத்த அழைப்பு முடிய மூன்று கிழமை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவில் உட்காருகிறோம். சபையிலிருந்து வந்த பதில் கடிதங்களை மாதர் சங்கத் தலைவி சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொள்வேன். ஆங்கிலமாக்குவது பிறகு. தங்கை, முடிந்தால் சனிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வாருங்கள். இரவு என் வீட்டில் தங்கலாம்.