1973 அம்பாசடருக்கு எந்தக் கார்பு: பழைய சோலெக்ஸா, மாருதியா?

கோட்டாறு மார்க் 2:
அண்ணாச்சிமாரே, அப்பா ஓட்டின 1973 அம்பாசடர் இப்ப எனக்க கையில இருக்கு. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், சோலெக்ஸ் கார்பு (காத்தையும் பெட்ரோலையும் கலக்கித் தாற கார்புரேட்டர்). மூணு மாசமா ஸ்லோ ஸ்பீடு (ஐட்லிங்) நிக்க மாட்டேங்குது. எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங் ஏறுது, இறங்குது, வேப்பமூடு ஜங்ஷன்ல நின்னா அணைஞ்சு போவுது. கார்பைக் கழட்டிக் கழுவி, பேக்கிங் மாத்திப் பாத்தாச்சு. ரெண்டு நாள் நல்லா ஓடும், மூணாம் நாள் மறுபடி அதேதான். பட்டறையில "இதைத் தூக்கிப் போட்டுட்டு மாருதி 800 கார்பு மாட்டிருவோம்"னு சொல்லுகாரு. கடையில புது சோலெக்ஸ் காப்பி கிடைக்கும்னு இன்னொருத்தர் சொல்லுகாரு. வர்ற மாசியில மண்டைக்காட்டுக் கொடைக்கு அம்மையை இதுலதான் கூட்டிட்டுப் போணும். அப்பா இருந்தவரை அப்படித்தான் போனோம். எதைச் செய்ய?

மார்த்தாண்டம் பட்டறை:
தம்பி, மாருதி கார்பு போடு. முப்பது வருசமா வண்டி வேலை பாக்கேன், அந்த அனுபவத்துல சொல்லுகேன். அம்பது வருசம் ஓடின சோலெக்ஸுல, ஆக்சிலேட்டரை மிதிச்சா திரும்புக த்ராட்டில் ஸ்பிண்டில் போற ஓட்டை தேஞ்சு முட்டை வடிவமா ஆயிருக்கும், அடிப்பக்க ஃப்ளாஞ்சு (எஞ்சின் பக்கம் உக்காருக தட்டை விளிம்பு) வளைஞ்சிருக்கும். நீ எத்தனை பேக்கிங் மாத்தினாலும் காத்து உள்ள இழுத்துக்கிட்டேதான் இருக்கும். மாருதி கார்புக்கு கிட், டயஃப்ரம், ஊசி எல்லாம் இன்னும் கிடைக்கு. ஒரு அலுமினிய அடாப்டர் தட்டு கடைஞ்சு, கரண்டுல வேலை செய்யுக சோலனாய்டு வால்வுக்கு இக்னிஷன்ல இருந்து ஒரு வயர் இழுத்தா ஒரு நாள் வேலை. மைலேஜும் கூடும்.

தோவாளைக்காரன்:
மைலேஜ் ஏன் கூடுதுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி? பெட்ரோல் பத்தாம ஓடுகதுனாலதான். நானும் இதே எஞ்சின்ல மாருதி கார்பு மாட்டி ஒரு வருசம் ஓட்டினவன். டவுனுக்குள்ள குறையே சொல்ல முடியாது. குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறைக்கு நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போனப்பதான் தெரிஞ்சுது. ரெண்டாம் கியர்ல மிதிச்சா இழுக்காம, கார்பு வழியாத் திருப்பி டப்பு டப்புன்னு அடிச்சுது. ப்ளக்கைக் கழட்டினா நாலும் கோலப்பொடி மாதிரி வெளுத்துக் கெடந்துது. பிறகு ஹெட்டைத் திறந்தப்போ மூணாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்துல கடிச்சு எடுத்தாப்பல எரிஞ்சு போயிருந்துது.

கணக்கு எளிசு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருவாட்டி தனக்க கொள்ளளவு காத்தை இழுக்கும். 796 சிசி மாருதி, 5500 சுத்துல முழுசா இழுத்தாலும் நிமிசத்துக்குச் சுமார் 2190 லிட்டர். நம்ம 1489 சிசி, 4000 சுத்துலயே 2980 லிட்டர் கேக்கும். மேட்டுல முழு ஆக்சிலேட்டர் குடுக்கும்போது அந்தச் சின்ன வென்ச்சுரி (காத்துப் போற ஒடுங்கின வழி) எங்க போயி அவ்வளவு காத்தைக் கொண்டு வரும்? கோட்டாறு தம்பி, அப்பாவுக்க வண்டியை இப்படிப் பாழாக்கிராதீங்க. பழைய சோலெக்ஸுல தேஞ்ச ஓட்டைக்குப் புஷ்ஷு (சின்ன உலோக வளையம்) போட்டு எடுங்க.

குளச்சல் பத்மினி:
எனக்க பிரீமியர் பத்மினியில ஆறு வருசமா மாருதி கார்புதான். கன்னியாகுமரி, திருவனந்தபுரம்னு எங்கயும் போயிட்டு வாறேன், ஒரு தடவை கூட வழியில நின்னதில்ல. இது ஆவாதுன்னு எப்படிச் சொல்லுகிய?

தோவாளைக்காரன்:
உங்க வண்டி 1089 சிசி, அவருக்கது 1489. நானூறு சிசி வித்தியாசம். உங்களுக்குச் சரியா வந்தது அவருக்கும் சரியா வரும்னு எதுவுமில்ல. பத்மினிக்கு அதை நான் எதுத்துப் பேசல்ல.

மார்த்தாண்டம் பட்டறை:
தோவாளைத் தம்பி சொல்லுக கணக்கு சரிதான். ஆனா உமக்கு மாட்டினவன் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வர்ற ஓட்டை உள்ள சின்னத் திருகு) பெருசாக்காம, வாங்கினபடியே மாட்டியிருப்பான். அது அந்த ஆள் செய்த தப்பு. நான் ஜெட் மாத்தி, ஒரு நாள் மேட்டுல ஓட்டிப் பாத்து, கலவை சரின்னு காட்டுக செங்கல் நிறம் ப்ளக்குல வந்த பிறகுதான் வண்டியை விடுவேன். இன்னொரு சங்கதி. எல்லாரும் புஷ்ஷு போடு, புஷ்ஷு போடுங்கீங்க. ரெண்டு பக்க ஓட்டையும் ஒரே நேர்கோட்டுல வரணும். ஒரு மயிரிழை சாஞ்சாலும் பட்டர்ஃப்ளை (காத்து வழியை மூடித் திறக்க தகடு) சுவத்துல உரசும், முழுசா மூடாது. பிறகு ஸ்லோ ஸ்பீடு குறையவே குறையாது. அப்படிக் கெடுத்துக் கொண்டுவந்த கார்பு எனக்க மேசையில இப்பவும் ரெண்டு கிடக்கு. நேரா ரீமர் (ஓட்டையைச் சீராக் கடையுக கருவி) விடுக லேத்துக்காரர் கிடைச்சா நானே சோலெக்ஸைத்தான் மாட்டச் சொல்லுவேன்.

காப்பி கார்பு மட்டும் வேண்டாம் தம்பி. அதுல தோவாளைத் தம்பியும் நானும் ஒண்ணுதான். ஜெட்டுல பொறிச்சிருக்க நம்பர் ஒண்ணு, ஓட்டை வேற.

பழைய மோரிஸ் பிரியன்:
இந்த எஞ்சின் பிறந்தது இங்கிலாந்துல, பி.எம்.சி. பி சீரிஸ். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுலயும் எம்.ஜி.ஏ.யிலயும் எஸ்.யூ. கார்புதான் இருந்துது. இப்பவும் அங்க புதுசாச் செய்யுகாவ. ஜெட்டு மாத்திக்கிட்டு இருக்காண்டாம், காத்து எவ்வளவு வேணுமோ அதுக்குத் தக்கன பிஸ்டன் தானா ஏறி இறங்கும். அதை வரவழைக்கலாமே.

தோவாளைக்காரன்:
கொள்ளாம், ஆனா சோலெக்ஸ் நிமிந்து நிக்கும், எஸ்.யூ. பக்கவாட்டுல இருந்து வரும். எஞ்சினுக்குக் கலவை போற மேனிஃபோல்டையே மாத்தணும். மாசிக்குள்ள நடக்காது.

அம்பது வருசம் தாண்டின வண்டியை 2021 விதிப்படி வின்டேஜ்னு பதிஞ்சா வி.ஏ. வரிசையில நம்பர் கிடைக்கும். அதுக்குச் சேஸிஸ், பாடி, எஞ்சின் எதுலயும் பெரிய மாத்தம் செய்திருக்கப்படாது. அதுக்காவவும் பழசை விட்டுராண்டாம்.

குளச்சல் பத்மினி:
வின்டேஜ் நம்பர் வாங்கினா கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போட இதுக்குத்தான் ரோட்டுல எறக்கலாம். அம்மையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவ ஆசைப்படுகவருக்கு அது எதுக்கு?

தோவாளைக்காரன்:
அதை நான் நினைச்சுப் பாக்கல்ல. சரிதான், அந்தப் பேச்சை விட்டுருவோம்.

ஆனா எந்தக் கார்பு போட்டாலும் எத்தனாலை மறக்காதீங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோலுக்கு எடையில ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து வேணும், எத்தனாலுக்கு 9 போதும். பழைய ஜெட்டோட அப்படியே ஓட்டினா கலவை ஏழெட்டு சதவீதம் வறண்டு (பெட்ரோல் பத்தாம) போவும். சோலெக்ஸ் ஜெட்டுல இருக்க நம்பர் ஓட்டையோட விட்டம். 120ன்னா 1.20 மில்லிமீட்டர். உங்களுக்கது 120ன்னு வச்சுக்கிடுங்க, 125 போட்டா ஓட்டையோட பரப்பு எட்டு சதவீதம் கூடும், கணக்கு நேராயிரும். கம்பியை விட்டுக் குடையாண்டாம், சரியான ஜெட்டு வாங்கிப் போடுங்க. பெட்ரோல் ஹோஸையும் பம்பு டயஃப்ரமையும் எத்தனால் தாங்குகதாப் பாத்து மாத்துங்க. ஒரு மாசம் ஓட்டாமப் போட்டிருந்த எனக்க வண்டியில, கார்புல பெட்ரோல் நிக்க ஃப்ளோட் சேம்பரைத் திறந்தா அடியில உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. எத்தனால் இழுத்த தண்ணி அந்த அலாயை அரிச்ச பொடி அது.

மார்த்தாண்டம் பட்டறை:
அது ரொம்ப சரி. தம்பி, ஒண்ணு செய்யி. கார்பைக் கழட்டுகதுக்கு முன்ன பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டுக்க இடைவெளி) 0.4 மில்லிமீட்டர் பக்கத்துல இருக்கான்னு பாரு, கார்புன்னு நினைச்சுக் கொண்டு வர்ற வண்டியில பாதி அதுலதான் கெட்டிருக்கும். பிறகு எஞ்சினை ஐட்லிங்ல விட்டு, ஸ்பிண்டில் வெளிய வர்ற ரெண்டு முனையிலயும் கெட்டி கிரீஸை அப்பு. சத்தம் நிதானமாச்சுன்னா காத்து அங்கதான் போவுது.

கோட்டாறு மார்க் 2:
இன்னைக்குக் காலையில பாத்தேன். பாயிண்ட் கேப் சரியாத்தான் இருந்துது. ஸ்பிண்டில் லிவரைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா பல்லு ஆடுக மாதிரி ஆடுது. இடது முனையில கிரீஸ் வச்சதும் ஐட்லிங் இறங்கி ஏத்த இறக்கமில்லாம நிதானமா ஓடிச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மை அடுக்களையில இருந்து வெளிய வந்து எட்டிப் பாத்தா. கிரீஸ் உள்ள இழுத்த உடனே மறுபடியும் பழைய ஏத்த இறக்கம்.

சோலெக்ஸையே புஷ்ஷு போடலாம்னு முடிவு பண்ணிட்டேன். மார்த்தாண்டம் அண்ணாச்சி, நேரா ரீமர் விடுக லேத்துக்காரர் நம்ம பக்கம் யாராவது இருக்காங்களா? எங்க ஏரியாவுல கேட்ட ரெண்டு பேரும் டிரில் வச்சுத் துளைச்சுத் தாறேன்னு சொல்லுகாவ.

மார்த்தாண்டம் பட்டறை:
டிரில் வைக்க விடாத. ரெண்டு ஓட்டைக்கும் சேந்தாப்பல ஒரே ரீமர் ஓடணும். வாற திங்கக்கிழமை கார்பை மட்டும் கழட்டி எடுத்துட்டு வா, நானும் கூட வாறேன், பக்கத்துல நின்னே செய்ய வைப்போம். பட்டர்ஃப்ளையும் அந்த ரெண்டு சின்ன ஸ்க்ரூவும் தொலையாமப் பாத்துக்க, அது இப்ப எங்கயும் கிடைக்காது.