ஊடுநிறம்: தைலவண்ண அடுக்கு முறைக்கான ஒரு சொல் குறித்து

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தைலவண்ண ஓவியத்தில், உலர்ந்த அடுக்கொன்றின்மேல் எண்ணெய் மிகுந்த நிறத்தை ஒளி புகும்படி மெல்லிதாகப் பரப்புவதை இதுவரை 'கிளேஸ்' என்றே சொல்லி வருகிறோம். அதற்கு 'மெருகு' என்ற சொல்லே போதும் என்று சென்ற மடலில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அச்சொல் இவ்விடத்துக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணத்தில் சித்திரம் பயிலும் மாணவர் சிலரோடு சேர்ந்து செய்துவரும் பயிற்சி ஒன்றில் இச்சொல்லின் குறை திரும்பத் திரும்ப வெளிப்படுவதால், அந்தப் பயிற்சியை வைத்தே என் காரணங்களைக் கூறுகிறேன்.

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்த ஓவியர் வெர்மீரின் 'பால் வார்க்கும் பணிப்பெண்' ஓவியத்தை மரபான அடுக்கு முறையில் மறுபடி தீட்டுவதே பயிற்சி. 45.5 சென்ரிமீற்றர் உயரமும் 41 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அந்தச் சிறிய ஓவியம் இன்று ஆம்ஸ்ரர்டாமிலுள்ள ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அது 1650களின் இறுதியிலோ 1660 அளவிலோ தீட்டப்பட்டது. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய 1658ஆம் ஆண்டும் அக்காலத்தை ஒட்டியதே. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட 'டெல்ஃப்ற்' என்னும் பெயர் வெர்மீர் பிறந்து வாழ்ந்த நகரின் பெயர் என்பதையும் இங்கே குறிக்கத் தோன்றுகிறது. அரசரோ புனிதரோ புராணக் காட்சியோ இன்றி, சமையலறையில் பால் வார்க்கும் ஒரு பெண்ணை மட்டுமே காட்டும் இத்தகைய ஓவியத்தை 'வகை ஓவியம்' என்று மொழிபெயர்ப்பதை விடுத்து 'அன்றாட வாழ்வோவியம்' என்று வழங்கலாம். இதில் நீண்ட விவாதம் தேவையென்று நான் எண்ணவில்லை.

மாணவர் முதலில் கன்வஸின் வெண்மையைத் தணிக்க மெல்லிய மண்ணிறம் ஒன்றைப் பூசுகின்றனர். இதை நாங்கள் 'தளநிறம்' என்கிறோம். அது உலர்ந்தபின், அம்பர் கபிலத்தையும் வெள்ளையையும் கொண்டு, ஒளியும் நிழலும் மட்டுமாக முழுப் படத்தையும் ஒருமுறை தீட்டி முடிக்கின்றனர். இதற்கு 'அடிப்பூச்சு' என்ற சொல் முன்மொழியப்பட்டிருந்தது. வீட்டுச் சுவருக்கு நிறம் அடிப்பவர் முதற்பூச்சை அப்படித்தான் சொல்கிறார். தீட்டுவதற்கு முன் கன்வஸைப் பதப்படுத்தும் பூச்சுக்கும் அதுவே பெயர். இங்கே நாம் பெயரிட முனைவதோ உருவமும் ஒளியும் அமைந்த ஓர் ஓவியம் ஆகையால், 'அடியோவியம்' என்பதே சரி. 2022 இல் வெளியான ஆய்வு முடிவுகள், பணிப்பெண்ணின் இடக்கைக்குக் கீழே விரைந்து இழுக்கப்பட்ட தடித்த கருங்கோட்டையும், சுவரில் சாடிகளைத் தொங்கவிடும் பலகை ஒன்றையும், தணல் வைத்துச் சூடேற்றும் நெருப்புக்கூடை ஒன்றையும் வெளிக்கொணர்ந்தன. பலகையும் கூடையும் வெர்மீரே பின்னர் மூடித் தீட்டியவை. அடியோவியத்தில் வைத்ததை மேலடுக்கில் மாற்றும் சுதந்திரம் இம்முறையில் எவ்வளவு இயல்பானது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, பெண்ணின் இடுப்பிலுள்ள நீல ஏப்ரனுக்கு வருவோம். அதன் மடிப்புகளை மாணவர் சாம்பலிலும் வெள்ளையிலும் தீட்டி, நன்கு உலரவிட்டு, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த அல்ட்ராமரீன் நீலத்தை மென்தூரிகையால் அதன்மேல் பரப்பி, மிகுதியைப் பழந்துணியால் ஒற்றி எடுக்கின்றனர். மடிப்பின் மேட்டில் நீலம் ஒளிர்கிறது. பள்ளத்தில் அதே நீலம் ஆழ்ந்து கருக்கிறது. பூசியது ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே தடிப்பு. வேறுபாடு முழுவதும் கீழிருந்து வருகிறது. வெர்மீர் லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்தெடுத்த இயற்கை அல்ட்ராமரீனைப் பயன்படுத்தினார். எங்களுக்குக் கிடைப்பது 1820களில் பிரான்சில் ஆக்கமுறை கண்டறியப்பட்ட செயற்கை நீலம். ஒளியை ஊடுவிடும் பண்பு இரண்டுக்கும் பொது.

அப்பண்பின் காரணத்தை இயற்பியல் தெளிவாகவே கூறுகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் எண் முறிவுச் சுட்டி. அல்ட்ராமரீனின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.5; ஆளிவிதை எண்ணெயினுடையது 1.48 அளவு. இரண்டும் நெருங்கியிருப்பதால், ஒளி நிறத்துணிக்கைகளில் பட்டுச் சிதறித் திரும்பாமல் உள்ளே இறங்குகிறது. கீழுள்ள வெள்ளையில் தெறித்து, அதே நீலத்தின் ஊடாக மறுபடி வெளியே வருகிறது. இவ்வாறு இருமுறை நீலத்தைக் கடந்த ஒளியே நம் கண்ணை அடைகிறது. தைத்தேனியம் வெள்ளையின் முறிவுச் சுட்டி 2.5 க்கும் மேற்பட்டது என்பதால், அதைச் சிறிது கலந்தாலும் ஒளி மேலேயே சிதறிப் படலம் வெளிறிவிடும்.

'மெருகு' என்பது மேற்பரப்பின் மினுக்கத்தைச் சொல்லும் சொல். நகைக்கு மெருகிடுகிறோம், தளபாடத்துக்கு மெருகிடுகிறோம். மேலே விளக்கிய படலமோ, மினுங்கினாலும் மங்கியிருந்தாலும், தன் தொழிலைச் செய்துகொண்டே இருக்கும். மேலும், ஓவியம் நன்கு காய்ந்தபின் இறுதியாகப் பூசும் வார்னிஷுக்கே 'மெருகெண்ணெய்' என்ற பெயர் இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், 'மெருகை நீக்குக' என்று ஓவியப் பாதுகாப்பு நூலில் வரும் அறிவுறுத்தல் ஓவியத்தின் நிறத்தையே துடைத்தெடுக்கச் சொல்வதாகிவிடும். இது கற்பனையான அச்சமன்று. லண்டன் தேசிய ஓவியக்கூடம் பழைய ஓவியங்களைத் துப்புரவு செய்தது குறித்து 1940களில் எழுந்த பெரும் சர்ச்சை, வார்னிஷோடு ஓவியரின் மேற்படலங்களும் அகற்றப்பட்டனவா என்பது பற்றியதே.

ஆகவே நான் முன்மொழியும் சொல் 'ஊடுநிறம்'. ஊடுகதிர், ஊடுருவல், ஊடுபயிர் ஆகியவற்றில் பழகிய முன்னொட்டு என்பதால் விளக்கமின்றியே பொருள் தரும். ஒளி என்ன செய்கிறது என்பதையும் சொல்லே காட்டிவிடும். 'ஊடொளிப் பூச்சு' என்ற முந்தைய முன்மொழிவும் பொருளளவில் சரியானதே, எனினும் வினையாக்கும்போது நீண்டு தளர்கிறது. பாலேட்டை நினைந்து 'வண்ணவேடு' என்று ஒரு மாணவி சொன்னது மிக அழகானது; ஏடு என்றால் சுவடியும் இதழும் முதலில் நினைவுக்கு வருவதால் தயக்கத்தோடு அதை விட்டுவிட்டோம். ஊடுநிறத்தை ஒரு வாக்கியத்தில் இட்டுப் பார்க்கிறேன்: "வெர்மீரின் 'முத்துத் தோடணிந்த பெண்' ஓவியத்தின் பின்னணியில், கறுத்த அடுக்கின்மேல் அவுரியும் மஞ்சள் தாவரச் சாயமும் சேர்ந்த பச்சை ஊடுநிறம் இடப்பட்டிருந்தது; சாயங்கள் காலப்போக்கில் சிதைந்ததால் இன்று அது கருமையாகத் தெரிகிறது." வாக்கியம் தடையின்றி ஓடுகிறது.

இச்சொல்லுக்கு ஓர் இணையும் தானாகவே அமைகிறது. கருமையான அடுக்கின்மேல் வெளிறிய நிறத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்து, கீழுள்ளது அரைகுறையாகத் தெரியும்படி விடுவதை 'ஸ்கம்பிள்' என்கிறார்கள். அதை 'மூடுநிறம்' எனலாம். முழுவதும் மூடிவிடுவது என்று பொருள்கொள்ள இடமுண்டே என்ற மறுப்பு எழலாம். ஆனால் மூடுபனி என்கிறபோது நாம் அப்படிக் கொள்வதில்லை. தைமாதக் காலையில் பனங்கூடலை மூடிய பனிக்குள்ளும் மரங்கள் மங்கலாகத் தெரிகின்றன. கருமையின்மேல் இட்ட மெல்லிய வெண்படலமோ, குறுகிய அலைநீள ஒளி மிகுதியாகச் சிதறுவதால், குளிர்ந்த நீலச்சாயல் கொள்கிறது.

எண்ணெய் குறைந்த அடுக்கின்மேலேயே எண்ணெய் மிகுந்ததை இடவேண்டும் என்னும் விதிக்கு 'மெலிவின்மேல் கொழுப்பு' என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம். நிறத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் ஆவியாகிவிடும், ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவது. எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக இறுகும், நெகிழ்வாகவும் இருக்கும். அதைக் கீழே வைத்து எண்ணெய் குறைந்ததை மேலே பூசினால் மேலடுக்கு வெடிக்கும். 'வறள்மேல் நெய்' என்றால் வேலை செய்யும்போதே வாயில் வரும். அம்பரிலுள்ள மங்கனீசு உலர்வை விரைவுபடுத்துவதால் அடியோவியத்துக்கு அது ஏற்றது என்பதும் இவ்விதியோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டியது, குறிப்பாக ஈரக்காற்றில் எல்லாமே தாமதமாக உலரும் எங்கள் மாரிகாலத்தில்.

1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது, நூல்களையும் சொற்களையும் தம் மாணவரோடு சேர்ந்தே ஆக்கினார். அவ்வழியைப் பின்பற்றி, தூரிகை பிடித்திருப்பவர் தடுமாறாமல் சொல்லக்கூடியதா என்பதையே முதல் அளவுகோலாக நான் கொள்கிறேன். அவ்வளவுகோலில் இன்னும் தீராத ஒன்று உண்டு. வினையாக வரும்போது 'ஊடுநிறமிடுதல்' என்பதா, 'ஊடுநிறம் பூசுதல்' என்பதா? பூசுதல் தடித்த பூச்சை நினைவூட்டுவதால் 'இடுதல்' பக்கம் சாய்கிறேன். 'ஊடுநிறமிட்ட பகுதி' என்ற பெயரெச்ச வடிவமும் அதில் எளிதாக அமைகிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள், தங்கள் வடிவத்தை ஒரு முழு வாக்கியத்தில் இட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.