அலாய் வீலில் கிளியர் கோட் உரிகிறது, மேலேயே பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: பழைய 14 இன்ச் அலாய் வீல். கிளியர் கோட்டுக்கு (பெயின்ட் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு) அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் பிளாட்பார உரசல். தேய்த்துவிட்டு மேலேயே ஸ்ப்ரே பண்ணலாமா அண்ணா?

பதில் 1: வேண்டாம் தம்பி. அந்தக் கோடு அரிப்பு. மேலே அடித்தால் அடியில் பரவிக்கொண்டே போகும். டயரைக் கழற்றி, பெயின்ட் ரிமூவர் போட்டு வெறும் உலோகம் வரை எடுங்கள். காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும். உரசலை 120 நம்பர் எமரித் தாளில் சமன்செய்து, 180, 320, 400 என மெல்லிய தாளுக்கு ஏறுங்கள். அரிப்பின் வெள்ளைப் பொடி ஒரு குழிக்குள் மிஞ்சினாலும் அங்கிருந்தே அரிப்பு மறுபடி கிளம்பும்.

பதில் 2: தேய்த்த அன்றே எட்ச் பிரைமர் (வெறும் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சு) மெல்லிசாக ஒரு கோட். பிறகு சில்வர் இரண்டு, மூன்று கோட், மேலே 2கே கிளியர் (ஹார்ட்னர் என்ற இறுக்கி கலந்து அடிக்கும் கிளியர் கோட்). 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் கெடுதல் செய்யும் ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் போதவே போதாது. நட் உட்காரும் குழியிலும் ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் முகத்திலும் பெயின்ட் படக்கூடாது. அங்கே பெயின்ட் நசுங்கினால் நட் லூசாகும். மாட்டி 50–100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கும் ஸ்பேனர்) நட் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

பதில் 3: ஸ்ப்ரேக்குப் பதில் பவுடர் கோட்டிங் (பொடியைப் பூசிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது) என்றால், குழி அடைக்கச் சாதாரணப் பட்டி வைக்காதீர்கள், 200 டிகிரி சூட்டடுப்பில் தாங்காது. பழைய வார்ப்பில் துளைகளிலிருந்து காற்று வந்து கொப்புளிக்கும். முதலில் வெறும் வீலைச் சூடாக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் விரிசல் தெரிந்தால் வெல்டிங் வேண்டாம், வீலையே மாற்றுங்கள்.